மாடு அசையாமல் நிற்கும் வரை

கருவியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பதா, வேறு வேலையைப் பார்க்கப் போவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கும் கூட்டம் நாங்கள். கம்ப்யூட்டருக்கும் அதில் மாட்டியிருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தும் சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதுவது எங்கள் தொழில். டிவைஸ் டிரைவர் என்பார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் இதைப் படிக்கும்போது பல இடங்களில் தலையில் அடித்துக்கொள்வீர்கள். மாட்டிக்கொள்ளாதவர் என்றாலும் பாதகமில்லை, ரேஷன் கடை வரிசையில் ஒரு தடவை நின்றிருந்தால் போதும்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஓசூரில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் பெண் நான் ஒருத்தி. பாப்பாரப்பட்டி ரோட்டில் இருந்த ஒரு சர்க்கரை ஆலைக்கு, கரும்பு வண்டிகளை எடை போட எங்கள் கம்பெனி எலெக்ட்ரானிக் எடை மேடை விற்றிருந்தது. மேடைக்கடியில் எடையை உணரும் கருவி, எடை அறையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் சீட்டு அடிக்கும் பிரிண்டர். மூன்றையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் புரோகிராம் என்னுடையது. அதுதான் நான் எழுதிய முதல் புரோகிராம்.

"உனக்குச் சொந்த ஊரு மாரண்டஹள்ளிதானேம்மா, பக்கம்தான்" என்று முதலாளி என்னையே அனுப்பிவைத்தார். ஆலையின் கரும்பு அதிகாரி பத்து நாள் கெடு கொடுத்திருந்தார். பத்தாம் நாள் அவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் சாமான் அங்கே இருக்கும், போடாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். "மிஷின் திரும்பி வந்துச்சுன்னா, நீ அதோட ஓசூர் வரைக்கும் வர வேண்டாம், வழியில மாரண்டஹள்ளியிலயே எறங்கிக்க" என்று சொல்லிச் சிரித்தார் முதலாளி. நான் சிரிக்கவில்லை.

மூச்சு விடும் மாடு

எடை ஆடாமல் நிற்கும்வரை காத்திரு, நின்றதும் எண்ணைக் கொண்டுவா. புரோகிராமுக்கு நான் இட்டிருந்த கட்டளை இவ்வளவுதான். ஓசூரில் எடைக்கற்களை அடுக்கிச் சோதித்தபோது அது அவ்வளவு சமர்த்தாக நடந்துகொண்டது. கல்லுக்கு அசையத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஆலையிலோ, மாட்டை அவிழ்க்காமலே வண்டியை எடை போடுவது வழக்கம். கரும்பை இறக்கிவிட்டு வந்ததும் வெறும் வண்டியையும் அதே மாட்டோடு எடை போட்டுக் கழித்துக்கொள்வார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாள் முதல் டயர் வண்டி மேடையில் ஏறியது. மாடுகள் தலையை ஆட்டின, வாலைச் சுழற்றி ஈ ஓட்டின, கால் மாற்றி நின்றன, மூச்சு விட்டன. எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. புரோகிராம் காத்திருந்தது. காத்திருக்கும்போது அது வேறு எதையும் செய்யாது, எந்தப் பொத்தானைத் தட்டினாலும் காதில் வாங்காது, போதும் வா என்று கூப்பிடவும் நான் வழி வைக்கவில்லை. வெளியே முப்பது வண்டி வரிசையில் நின்றது. வெட்டின கரும்பு வெயிலில் நிற்க நிற்கக் காயும், காயக் காய எடை குறையும், அந்த நஷ்டம் விவசாயி தலையில் விடியும். அரை மணி நேரம் கழித்து வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரையே அணைத்தேன். வண்டிக்காரர் மாட்டை ஒரு தடவை பார்த்தார், சன்னல் வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார்.

"மாடு செத்தாத்தான் உங்க மிஷினு எடை காட்டும்போல இருக்குதுங்களேம்மா."

வெறும் காற்று

மறுநாள் அப்படியே தலைகீழாக மாற்றினேன். இனிமேல் காத்திருப்பே கிடையாது. கருவியைக் கேள், எடை தயாராக இல்லையென்றால் அந்த நொடியே திரும்பி வந்துவிடு. சரி, திரும்பி வருகிறவன் கையில் என்ன கொண்டுவருவான்? 'இன்னும் ஆகவில்லை' என்பதற்கு அடையாளமாக நான் வைத்தது பூஜ்யம். தொழில் நண்பர்களே, சிரிக்காதீர்கள், உங்கள் முதல் புரோகிராமையும் கொஞ்சம் தேடி எடுத்துப் பாருங்கள். சீட்டு அடிக்கும் பகுதிக்கு இந்தச் சங்கேதம் தெரியாது. பூஜ்யம் வந்தால் எடை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு முதலில் வந்தது ஆரோக்கியமேரி அக்காவின் வண்டி. இரண்டு ஏக்கர் கரும்பு போட்டு, தானே வண்டியும் ஓட்டி வருகிறவர். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை, தலையில் வெயிலுக்கு முண்டாசு கட்டிய துண்டு. மேடையில் ஏறின வேகத்தில் அவருக்குச் சீட்டு வந்துவிட்டது. வாங்கிப் பார்த்தார், வண்டியில் குவிந்திருந்த கரும்பைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"வருசம் பூராத் தண்ணி கட்டி, நான் காத்தையா கண்ணு வளத்தேன்?"

தாள் சிக்கிய கதை

'இல்லை' என்பதற்கும் 'பூஜ்யம்' என்பதற்கும் தனித்தனி அடையாளம் வைத்துச் சரிசெய்து மூச்சு விட்டால், நாலாம் நாள் பிரிண்டர் கழுத்தைப் பிடித்தது. தாள் உள்ளே சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு வரியை அனுப்பியதும், வாங்கிக்கொண்டேன் என்று பிரிண்டர் சொல்லும்வரை என் புரோகிராம் காத்திருக்கும். எடை மேடை விஷயத்தில் பட்ட புத்தியைப் பிரிண்டருக்குப் பயன்படுத்த எனக்குத் தோன்றவே இல்லை. பிரிண்டர் வாயைத் திறக்காததால் கம்ப்யூட்டர் நின்றது, கம்ப்யூட்டர் நின்றதால் எடை மேடை நின்றது, மேடைமேல் வண்டி, வண்டிக்குப் பின்னால் ஊர்.

எடை கிளார்க் கோவிந்தசாமி அண்ணன் பழைய இரும்புத் தராசில் இருபது வருஷம் எடை போட்டவர். என் புரோகிராம் செய்யும் கூத்துகளை நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டபடி ரசித்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்டருக்குள் கைவிட்டுத் தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"தாளு சிக்கினா சீட்டு நிக்கும், செரி. வண்டி எதுக்கும்மா நிக்குது?"

தாளை உருவி எடுத்துவிட்டுப் பிரிண்டர் மூடியை மூடினேன். அடுத்த நாளே, அடிக்க வேண்டிய சீட்டுகளை ஓரமாக வரிசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடரும்படி மாற்றினேன். பிற்பாடு இதைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை.

பீப்

ஆறாம் நாள் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்திருந்தது. கருவியைப் போய்ப் போய் நச்சரிப்பதை விட்டு, எடை நின்றதும் கருவியே கம்ப்யூட்டரைக் கூப்பிடும்படி செய்திருந்தேன். அதுவரை அண்ணன் அடுத்த வண்டியின் நம்பரைத் தட்டிக்கொண்டிருக்கலாம், பிரிண்டர் பழைய சீட்டை அடித்துக்கொண்டிருக்கலாம். எடை நின்ற சங்கதி எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று, சன்னலுக்கு வெளியே மேடைக்கு நேர் மேலே ஒரு ஒலிபெருக்கியையும் கட்டினேன். எடை நின்றால் பீப் என்று கத்தும். அண்ணன் ஒரு பொத்தானை அமுக்கினால் எடை பதிவாகும்.

வண்டி ஏறியது. மாடு அமைதியாக நின்றது. பீப். மாடு துள்ளியது. அண்ணன் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் எண் ஆடத் தொடங்கிவிட்டது. மறுபடி மாடு சமாதானமாகி நின்றது. பீப். மறுபடி துள்ளல். ஏழெட்டு தடவை இப்படியே நடந்தது. கரும்பு அதிகாரி அன்றைக்குப் பார்த்துத்தான் மேற்பார்வைக்கு வந்திருந்தார். வாசலில் தேங்கி நின்ற வண்டிகளைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "இன்னும் நாலு நாளு இருக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"அது பாட்டுக்குச் சும்மா நின்னுச்சுங்க. நின்னுட்டே, நின்னுட்டேன்னு கத்திக் கத்தி நீங்கதானுங்க கெளப்பி வுடுறீங்க."

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு அறைக்குள் ஒரு பச்சை பல்பை மாட்டினேன்.

ஆகு, ஆகு

பத்தாம் நாள். அதிகாரி எடை அறைக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். மேடையில் ஏறியது ஆரோக்கியமேரி அக்காவின் வண்டி. அவர் வண்டியில் வலப்பக்கத்து மாடு புதுசு. தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்தது, அதற்குத் தெரிந்த ஒரே சொல் ஆகு, நில் என்று அர்த்தம். "ஆகு, ஆகு" என்று அக்கா கழுத்தைத் தடவிக் கெஞ்சுகிறார். அது தெலுங்கையும் மறந்துவிட்டது போலக் குதிக்கிறது. பச்சை பல்பு எரியவில்லை. இத்தனை நாள் பட்டதெல்லாம் இந்த ஒரு மாட்டின் காலடியில் போகப்போகிறது என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் நான் ஒன்று சேர்த்திருந்தேன். காத்திரு, ஆனால் அரை நிமிஷத்துக்கு மேல் காத்திருக்காதே, நடுவில் இன்னொரு பொத்தானைத் தட்டினால் அப்போதே விட்டுவிடு. திரையில் எடை நிற்கவில்லை என்று வந்தது. அண்ணன் ஒற்றை விரலால் அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு, சன்னல் வழியாகக் கையை வீசினார். அக்கா வண்டியை இறக்கிப் புளியமரத்தடிக்கு ஓட்டிப்போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அடுத்த வண்டி ஏறியது, பல்பு எரிந்தது, சீட்டு வந்தது. மூன்று வண்டிகள் போன பிறகு அக்கா திரும்பி வந்தபோது, அந்த மாடு பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்த பிள்ளை மாதிரி நின்றது. பச்சை. வாசலில் நாலே நாலு வண்டிகள்தான் மிச்சம். அதிகாரி என்னைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டார், எப்படி இருக்கிறது என்று. அண்ணன் எழுந்து நின்று சொன்னார்.

"மாடு நிக்கலன்னா நிக்கலன்னு ஒத்துக்குதுங்க சார். நான்கூட அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்க மாட்டனுங்க."

கையெழுத்து

"ஆபீசுக்கு வாம்மா, போட்டுத் தர்றேன்" என்று அதிகாரி போனார். காகிதத்தோடு பின்னாலேயே போனேன். அதற்குள் அவர் அறையில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள், கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது மணி பதினொன்று. பன்னிரண்டானது, ஒன்றானது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன், உள்ளே போவது டீயாகவோ ஃபைலாகவோ இருக்கும், மறுபடி உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பா எடை அறையில் இருந்தது. நூறு அடி தூரம்தான். போய்வரப் பயமாக இருந்தது. நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் அவர் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டால், கெடு முடிந்துவிடும், வேலையும் போய்விடும். இரண்டானது. மூன்றானது. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, எழுந்திருக்க மட்டும் மனசு வரவில்லை.

கரும்பை இறக்கி, வெறும் வண்டியையும் எடை போட்டு முடித்துவிட்டு, சீட்டில் முத்திரை வாங்க ஆரோக்கியமேரி அக்கா அங்கே வந்தார். "காலைல இருந்து இங்கயேவா இருக்க?" என்றார். ஆமாங்கக்கா, கையெழுத்து வாங்கணும் என்றேன். அக்கா என் கையிலிருந்த காகிதத்தை உருவி, வாசலில் நின்ற பியூனிடம் கொடுத்தார். "ஐயா வெளிய வந்தா காட்டி வாங்கி வைங்கண்ணா. பாப்பா எடை ரூம்புல சாப்புட்டுட்டு இருக்கும். ஆனதும் ஒரு கொரல் குடுங்க." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

டப்பாவைத் திறந்து இரண்டாவது வாய் வைத்திருப்பேன். சன்னலில் பியூன் தலை தெரிந்தது. "ஆச்சும்மா" என்று காகிதத்தை உள்ளே நீட்டினார். கையெழுத்து இருந்தது, முத்திரையும் இருந்தது. மிஷின் அங்கேயே இருக்கும், நானும் ஓசூர் பஸ்ஸில் கடைசி வரைக்கும் போகலாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் நாகரிகமாகப் பிரிண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அக்கா செம்பில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"எங்க மாட்டுக்கெல்லாம் எறங்கிப் போக வழி பண்ணிட்டு, நீ மட்டும் மேடைமேலயே நின்னுட்ட பாரு கண்ணு."

அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகளுக்கு யாரையும் காக்க வைக்காத புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனால் டாக்டர் வாசலிலும் பேங்க் கவுன்ட்டரிலும் இன்றைக்கும் நான் அந்த முதல் நாள் புரோகிராம்தான்.