அந்தத் தகட்டை மாட்டாமல் விட்டவள் நான்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன உறவினர்கள் ஒரு வேண்டுகோளையும் சேர்த்தே வைத்தார்கள். "சித்தேரி ஜீப்பு கதைய மட்டும் உட்ரும்மா. போனவரப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுது, போதும்." அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் எங்கள் அண்ணனைப் பற்றி நான் எழுதும் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அண்ணன் இண்டூரில், மானாவாரி நிலத்தை நம்பிய விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பு, நான் அம்மாவின் இடுப்பில். படிப்பை நிறுத்திவிட்டு அரூரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அண்ணி வந்த வருடம் அங்கேயே சொந்தப் பட்டறை போட்டார். என்னைப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க வைத்து, பட்டறையில் தன் பக்கத்திலேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பேனர்?" என்று அப்போது கேட்டவர்களில் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். கோபமில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

சித்தேரி மலைக்குப் போகும் ஜீப்புகளை உயர்த்திக் கொடுப்பதில் அண்ணனுக்குப் பெயர் இருந்தது. கனத்த ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டு ஒரு சாண் உயர்த்தினால் மலைப்பாதைக் கல் வண்டியின் அடியில் இடிக்காது. ஆனால் அப்படி உயர்த்தும்போது வண்டியின் உடலிலிருந்து அச்சு கீழே விலகிவிடும். முன் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு சாய்ந்து, புகைக்குழாயின் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் என்ற உருளையில் உரசும். புகையைச் சுத்தமாக்குவது அந்த உருளைதான். பல பட்டறைகளில் அதை அறுத்தெறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்து அரை நாளில் அனுப்பிவிடுவார்கள். அண்ணன் அதைச் செய்யவே மாட்டார். உருளையை மேலே தூக்கி, சேஸிஸ் சட்டத்தின் ஓரமாக இடம் மாற்றி, குழாயை வளைத்து, புதிய பிடிகளை வெல்டிங் அடித்து நிறுத்துவார். இரண்டு நாள் பிடிக்கும்.

"பின்னாடி உக்காந்து வர்ற பொம்பளைங்களும் கொழந்தைங்களும் ஏத்தம் முழுக்க அந்தப் பொகையத்தான் முழுங்கிக்கிட்டு வர்றாங்க. நாம வேற அத கூட்டணுமா?" என்பார்.

இடம் மாறிய உருளை, வண்டிக்குள் மூட்டை வைக்கும் தரைக்கு மிக நெருக்கமாக வந்துவிடும். ஏற்றத்தில் அது அடுப்பாகக் காயும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெப்பத் தகடு கட்டாயம் வேண்டும். சித்தேரி டிரைவர் வெள்ளையனின் ஜீப்பில் அந்தத் தகட்டை மாட்டும் வேலையை அண்ணன் என்னிடம் கொடுத்திருந்தார். பழைய துளைகள் புதிய இடத்துக்குச் சேரவில்லை. காலையில் வந்து வேறு பிடி செய்துகொள்ளலாம் என்று தகட்டை மேசைமேல் வைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுதா பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடிஞ்சுதுங்ண்ணா" என்றேன், காலையில் யாரும் பார்ப்பதற்குள் மாட்டிவிடலாம் என்ற நினைப்பில்.

மறுநாள் நான் வருவதற்குள் வெள்ளையன் வந்து வண்டியை எடுத்துப் போயிருந்தார். என் வார்த்தையை நம்பி அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்போதாவது வாயைத் திறந்திருந்தால் அவர் பைக்கில் விரட்டிப் பிடித்திருப்பார். ஒரு நடைதானே, சாயங்காலம் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மலை ஏற்றத்தில், வண்டிக்குள் இருந்த சாக்கு மூட்டைகளுக்கு அடியிலிருந்து தீப்பிடித்தது. பின்னால் இருந்தவர்களை இழுத்து இறக்கியதில் வெள்ளையனின் வலது கை வெந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. ஜீப் வெறும் கூடாக நின்றது.

அண்ணன் மலைக்குப் போய் அந்தக் கூட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். மேசைமேல் இருந்த தகட்டை எடுத்துப் பழைய இரும்போடு போட்டார். நான் அழுதேன்.

"நீ வாயத் தொறக்காத. பொட்டப் புள்ள கை வச்சதுனாலதான்னு சொல்லுவானுங்க. அப்பறம் எவனும் உன்ன வண்டியத் தொட உட மாட்டான். நாந்தான் மாட்ட மறந்துட்டேன். போ, மூஞ்சியக் கழுவு."

தான் ஆசையாகக் கட்டி வைத்திருந்த சொந்த ஜீப்பை வெள்ளையனுக்கே கொடுத்துவிட்டார். அதோடு பழி தீரவில்லை. உருளையை இடம் மாற்றுகிறேன் என்று வித்தை காட்டி வண்டியை எரித்தவர் என்று பேசினார்கள். மலை ஜீப்புகள் எல்லாம் உருளையை அறுத்தெறியும் பட்டறைகளுக்குப் போய்விட்டன. என் தவறால் அவர் பெயர் மட்டுமல்ல, அவர் சரியாகச் செய்துவந்த ஒரு வேலையும் கெட்டது. கடைசிவரை டிராக்டருக்குப் பஞ்சர் ஒட்டினார். நான் ஓசூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்து இன்று பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன்.

வீட்டில் அண்ணியும் விடவில்லை. "ஊரான் வண்டியத்தான் எரிச்சீங்க, வூட்டு அடுப்பையாச்சும் பாத்துப் பத்த வையுங்க" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைத் தேடுவார். ஊருக்கு வந்திருக்கும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் தர்மபுரிக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலை வந்தது. கட்டிலருகில் உட்கார்ந்து, அண்ணியிடமாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் பாப்பா. ஆனது ஆச்சு" என்றார். அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அந்த நாட்களில் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி வந்து அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் வெள்ளையன்தான். போன வாரம் நேரில் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். தழும்பேறிய தன் வலது கையைப் பார்த்தார். "தன்னோட ஜீப்பு சாவிய எங்கிட்ட குடுத்தப்பகூட அவரு ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார். அவருக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், சமைக்க முடியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன், இதுவரை எழுதியதை அண்ணியிடம் காட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

"இதுக்காக அவரு உங்கிட்ட எப்பவாச்சும் கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லீங்க அண்ணி."

"எங்கிட்டயும் கோவிச்சுக்கல. பதினோரு வருஷமா வாய்க்கு வந்ததப் பேசியிருக்கேன். தப்பு அவரு மேல இல்லன்னு எனக்குத் தெரிய உடாமயே போயிட்டாரு. நான் இப்ப யாருகிட்ட போயி மன்னிப்பு கேக்கறது?"

தாள்களை என் கையில் திருப்பிக் கொடுத்தார். எதையும் வெட்டாமல் அப்படியே போடச் சொன்னார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நினைவு நாளன்று இந்த மலரை வாசலில் நின்று உங்கள் கையில் கொடுப்பவர் அவர்தான். நான் உள்ளே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பேன். ஜீப் எரிந்ததற்காக அண்ணனிடம் கேட்டதையெல்லாம் இனி என்னிடம் வந்து கேளுங்கள்.