பிரேக்குக்கு வைத்த பொட்டு

வைக்கோலை உருளையாகச் சுற்றும் மிஷினில், கட்டின் மேல் போர்த்தும் வலையின் இறுக்கம் பார்ப்பது, சின்னப் பிள்ளைக்கு வேட்டி கட்டுவது மாதிரி: தளர்த்தினால் அவிழும், இறுக்கினால் அழும். ரிப்பேர் வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இரண்டு விரல்

தாராவியில் அட்டைப்பெட்டி அமுக்குகிற பிரஸ்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதைக் கேள்விப்பட்டு கர்ஜத் பக்கமிருந்து பாட்டீல் என்ற விவசாயி வந்தார். அவருடைய வைக்கோல் கட்டுகள் செம்பூரில் தபேலா என்கிற எருமைத் தொழுவத்தில் இறக்கும்போதே அவிழ்ந்து கொட்டுதாம். இன்னொரு லோடு அவிழ்ந்தால் வரவே வேண்டாம் என்று தபேலாக்காரர் சொல்லிவிட்டாராம்.

லோக்கல் ரயில் பிடித்து வயலுக்குப் போனேன். கட்டின் மேல் சுற்றிய வலைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. வலைச் சுருளைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. எவ்வளவு இறுக்கம் வேணும் என்று பாட்டீலிடம் கேட்டேன்.

“எருமை வாய் வைக்கிற வரைக்கும் கட்டு நின்னா போதும், மிஸ்திரி.”

என் வீரம்

ஸ்பிரிங் போல்ட்டை ஒரே மூச்சில் நாலு சுற்று இறுக்கினேன். அடுத்த கட்டில் வலை படாரென்று கிழிந்து, வைக்கோல் வெறும் மேனியாக உருண்டு வந்தது. பிறகு அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தி, விரல் நுனி மட்டும் நுழைகிற பதத்தில் நிறுத்தினேன். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பாட்டீல் சம்சாரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“துணி அவிழுதுன்னு கூப்பிட்டா, துணியையே கிழிச்சிட்டியே அண்ணா!”

ஆயுத பூஜை

பிரேக் தகடு தேய்ந்திருந்ததால், அந்தப் பாகத்தை மட்டும் தாராவிக்குக் கொண்டுவந்து புதுத் தகடு போட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. கடையில் பூஜை முடிந்து, வயலில் மாட்டி ஓட்டினால் மறுபடியும் இரண்டு விரல் நுழைகிறது! லாரி வந்து நிற்கிறது. பாட்டீல் முகம் செத்துப்போச்சு.

பிரேக்கைப் பிரித்தேன். தேங்காய் எண்ணெய் வாசம். தகடு பளபளவென்று, நடுவில் சந்தனம், குங்குமம். எண்ணெய் பூசினால் பிரேக் வழுக்காமல் என்ன செய்யும்! பெட்ரோல் விட்டுத் துடைத்து, காயவைத்து மாட்டினேன்; வலை விறைப்பாக ஏறியது. வீட்டுக்காரிக்கு போன் போட்டேன்.

“ஏங்க, கடையில எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு, இது மட்டும் என்ன பாவம் செஞ்சுது?”

செம்பூரில்

மனசு கேட்காமல் பாட்டீலோடு லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். தபேலாக்காரர் முதல் கட்டைக் காலால் உதைத்துத் தள்ளினார். உருண்டது, சுவரில் முட்டியது, நின்றது. ஒரு வைக்கோல் தாள்கூட உதிரவில்லை. பாட்டீல் என் கையை விடவே இல்லை. பத்துக் கட்டும் அப்படியே இறங்கின. அப்புறம் வலையை அறுக்கக் கத்தியைக் காணோம். தபேலாக்காரர் இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். எருமைகள் பசியில் கூப்பாடு போட்டன.

“அரே பாட்டீல், யாராவது இதை அவிழ்த்துத் தொலைங்கப்பா!”

அவிழக்கூடாது என்று மிரட்டியவர் வாயாலேயே அவிழ்க்கச் சொல்லிக் கேட்டால், போல்ட்டை அதற்குமேல் தொடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.