தள்ளி நிற்காதவர்

அடுக்கிவைத்த துளைக்குழாய்களை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறார் கோகிலவாணி. கீறல் விழுந்த குழாய் மந்தமாக ஒலிக்குமாம். ஒன்றைத் தனியே உருட்டிவிட்டார். "இது பூமிக்குள்ள முறிஞ்சா மேல நின்னு எட்டிப் பாக்கறதுதானுங்க வேலை."

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. வண்டியோடு காடு காடாகப் போகிற பெண் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். வயது நாற்பத்தேழு. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் ஆண்கள் அணியும் பூட்ஸ். கணவர் இறந்ததும் துளைபோடும் லாரியையும் கம்ப்ரசரையும் விற்றுவிடும்படி பங்காளிகள் சொன்னார்கள். இவரோ அப்பா கொடுத்த நிலத்தை விற்றுப் புதுக் கம்ப்ரசர் வாங்கினார். லீவர் பிடித்துத் துளை இயந்திரத்தை ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

"இருக்கறது பூராவும் இதுலதான் போட்டிருக்கேன். வண்டி சும்மா நின்னா என்ற நெஞ்சு மேல நிக்கறாப்பல இருக்குமுங்க."

நான் உடன்போன அன்று, இடம் சேந்தமங்கலத்துக்கு அருகே ஒரு மரவள்ளிக் காடு. மழைக்காலம் என்பதால் வண்டி பத்து நாளாகச் சும்மா கிடந்து, அன்றுதான் வேலை கிடைத்திருந்தது. லாரியில் படுத்திருந்த துளைக் கம்பம் நிமிர்ந்து, பூசைத் தட்டு வந்த நேரத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜெகதீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, நீங்க கொஞ்சம் அப்பால போயிருங்க. பொம்பள ஓட்டினா தண்ணி வராதும்பாங்க. ஆளுங்க ஓட்டட்டும்."

"முந்நூறு காட்டுல ஓட்டியிருக்கனுங்க."

"இருக்கட்டும். என்ற காட்டுல வேண்டாம்."

கோகிலவாணி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கம்பத்தை இறக்குங்க. கெளம்பலாம்."

இந்த வேலையும் போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆட்கள் அசையவில்லை. அவரே போய் லீவரை அழுத்தினார். கம்பம் மெல்லச் சாயத் தொடங்கியது. ஜெகதீஸ்வரன் இதை எதிர்பார்க்கவில்லை.

தட்டை ஏந்தி நின்ற அவர் மனைவி சின்னாயி முதன்முறையாக வாயைத் திறந்தார். "மூணு வருசமா ரோட்டுலேருந்து கொடம் சுமக்கறவ நானு. அவிய ஓட்டட்டும், உடுங்க."

ஜெகதீஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு "செரி" என்று வரப்பில் போய் உட்கார்ந்தார்.

கம்பம் மறுபடி நிமிர்ந்தது. சின்னாயி தட்டை நீட்டினார். கோகிலவாணி வாங்கவில்லை. "உங்க காடு. நீங்களே காட்டுங்க."

கற்பூரம் காட்டி முடித்த சின்னாயி, பழக்கத்தில் பின்வாங்கப் போனார். கோகிலவாணி அவர் மணிக்கட்டைப் பற்றித் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, மறுகையால் லீவரை இழுத்தார்.