வேண்டாத லோடு

எடைபோடும் மிஷின் ஜீப்பில் வந்து இறங்கிய அன்றுதான் ஆத்தா கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

அப்போது என்னைப் பெற்ற ஆத்தாவும் நானும் மடத்தில் இருந்தோம். முதியோர் இல்லம் என்று வாசலில் எழுதியிருந்தாலும் எல்லோரும் மடம் என்றுதான் சொல்வார்கள். போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில், ஏலக்காய் முதலாளி ஒருவரின் பழைய கிடங்கு அது. வெளிச்சம் பட்டால் காய் பச்சை வெளுத்துவிடும் என்று ஜன்னல் இல்லாமல் ஓடு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைத் தட்டி வைத்து அறை அறையாக மறித்து, மரக் கதவு போட்டு, மலைமேல் இருக்கிற தன் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்து போன, பிள்ளைகுட்டி இல்லாத கிழவன் கிழவிகளை முதலாளி குடிவைத்தார். நான் அங்கே வெந்நீர் போடுகிறவள். பொழுது விடிந்ததும் விறகு மூட்டி, வயசானதுகள் குளிக்கத் தண்ணீர் சுட வைப்பது என் சோலி.

ஆத்தா அங்கே இருக்க நியாயம் இல்லை. அவளுக்குத்தான் நான் இருக்கிறேனே. என் வீட்டுக்காரர் மலையில் காய்ச்சலில் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் இறங்கி வந்து நின்றபோது, முதலாளி சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம். பிறகு அவரும் இறந்து, பிள்ளைகள் கைக்கு மடம் போனது. அதிலிருந்து யாராவது புது ஆள் வாசலில் நின்றால், நம்மைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைப்பேன்.

எண்பதுகளில் ஒரு கார்த்திகையில், கணவாய்க் காற்று ஓட்டைத் தூக்கிப் போடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயது. கண்ணாடி போட்டிருந்தார். கரண்டு செலவும் விறகுச் செலவும் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே வீணாகிறது என்று அளந்து பார்த்துக் குறைக்க வேண்டும் என்று முதலாளியின் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கூடவே மிஷினும் வந்தது. ஏலக்காய் மூட்டையை ஏற்றி நிறுக்கிற, பலகை வைத்த மிஷின். அதை முற்றத்தில் வைத்துவிட்டு, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று அவர் மடத்து மேனேஜரிடம் சொன்னதைக் கங்காணித் தாத்தா கேட்டுவிட்டார். தாத்தா மலையில் கங்காணியாக இருந்து ஆட்களை மேய்த்தவர். காது மட்டும் இன்னும் கூர்மை.

"மேனேஜர் சார், இந்த லைன் இவ்வளவு லோடு தாங்காது. வேண்டாத லோடையெல்லாம் மொதல்ல கழட்டி விடணும்."

மலையில் வேலை பார்த்தவர்களுக்கு லைன் என்றால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகள். லோடு என்றால் ஜீப்பில் ஏறுகிற ஆட்கள். காலையில் எத்தனை லோடு ஏறியது, எத்தனை லோடு இறங்கியது என்றுதான் பேச்சு. தாத்தா சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னார்.

"கேட்டீகளா சேதிய. லைன் தாங்கலையாம். வேண்டாத லோட ஏத்தி அனுப்பப் போறாக."

"யாருய்யா வேண்டாத லோடு? நீதான்," என்றாள் ஒரு கிழவி. "ராவெல்லாம் இருமி எங்களத் தூங்கவிட மாட்டேங்குற."

"நானா? நான் எத்தனை லோடு அனுப்புனவன் தெரியுமா கெழவி. கனத்ததத்தான் மொதல்ல ஏத்துவாக. ஒன் ஒடம்பப் பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. கஞ்சிக் கும்பாவை மெள்ள நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் அந்த மிஷினில் விறகை நிறுக்கச் சொன்னார் இன்ஜினியர். நான்தான் தூக்கி வைத்தேன். எரித்தது போக மிஞ்சியதையும் நிறுத்தார். அண்டாவுக்குள் கம்பி போல ஒன்றை விட்டுச் சூடு பார்த்தார். அவர் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன். ஆத்தாவிடம் போய், "வெறகத்தான் நிறுக்காக ஆத்தா, மனுசர இல்ல," என்றேன்.

கங்காணித் தாத்தா படுத்தபடியே சொன்னார்: "இன்னைக்கு வெறகு. நாளைக்கு நாம."

எனக்கும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணம் கதவில் விழுந்த குறி. அவர் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். சில கதவில் ஒன்றும் போடவில்லை. ஆத்தாவின் கதவில் பெருக்கல் குறி போட்டார். அஞ்சாங் கிளாசு வரை படித்தவள் நான், அது பெருக்கல் குறி என்று தெரியும். ஆனால் கிடங்கில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது வேறு குறி. லாரியில் ஏற வேண்டிய மூட்டையில்தான் அதைப் போடுவார்கள்.

ஆத்தா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதிலிருந்து அவள் வாயைத் திறப்பது தண்ணீருக்கு மட்டும்தான்.

"ஒரு வாய் குடி ஆத்தா."

"வேணாம்டி. வகுறு நெறஞ்சிருக்கு."

"என்னத்தத் தின்ன, நெறைய?"

"எடை கூடிரும்," என்றாள், பக்கத்துத் தட்டிக்குக் கேட்காத குரலில்.

ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தவள். மேனேஜரிடம் கேட்கலாம் என்றால், அவர் வாய்க்குப் பயம். "ஒனக்குத்தான் மக இருக்காள்ல, எதுக்கு இங்க இருக்க" என்று ஆத்தாவிடம் அவரே கேட்டுவிட்டால்? கேட்காமல் இருக்கிறவரைக்கும் மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுப்பில் விறகு வைக்கும்போதுகூட, அதிகம் எரித்தேன் என்று அந்தக் கோபத்தில் ஆத்தாவை ஏற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொரு சுள்ளியையும் யோசித்து யோசித்து வைத்தேன். தண்ணீர் சுடவில்லை என்று கிழவிகள் என்னைத் திட்டினார்கள்.

பிறகு ஒரு காலையில் குளிக்க எழுப்பியபோது ஆத்தா எழுந்து நின்றாள். நின்றவள் அப்படியே என் மேல் சாய்ந்தாள். கனமே இல்லை. ஈரத்துணியைத் தோளில் போட்ட மாதிரி இருந்தது. படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இன்ஜினியர் குளியலறைப் பக்கம், யாரோ தானமாகக் கொடுத்த கரண்டு பாய்லர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் விறகு நனைந்தால் அதைத்தான் போடுவேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

"சார், எங்க ஆத்தாவ லோடுல ஏத்தாதீக. ஏத்துறதுன்னா என்னையும் சேத்து ஏத்துங்க. ரெண்டு பேரும் ஒரு ஆள் எடைதான் இருப்போம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன லோடும்மா?"

நான் அழுதுகொண்டே கங்காணித் தாத்தா சொன்னதையும் கதவுக் குறியையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அம்மா, லோடுன்னா ஆளு இல்ல. பல்பு, ஃபேனு, இந்தப் பாய்லர், இதெல்லாம் இழுக்கிற கரண்டத்தான் நாங்க லோடும்போம். லைனுன்னா இந்த ஒயரு. எல்லா சுவிச்சையும் அணைச்ச பிறகும் மீட்டர்ல சக்கரம் சுத்துது. ஏன்னு தேடினேன். இந்தப் பாய்லர்ல இருந்து கரண்டு கசியுது. தொட்டா ஒண்ணும் செய்யலையா உங்களுக்கு?"

"விர்ருன்னு இருக்கும். கரண்டு சாமான்னா அப்படித்தானேன்னு இருந்தேன்."

அவர் எழுந்து இரண்டடி பின்னால் போனார். இப்போது அவர் முகத்தில்தான் பயம். "இனிமே இதத் தொடாதீங்க," என்றார். "ஈரக் கையோட தொட்டிருந்தா..." ஈரக் கை இல்லாமல் வெந்நீர் போடுகிறவள் எங்கே இருக்கிறாள். நான் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

ஆத்தாவின் அறைக்கு வந்தார். பகலிலும் அங்கே பல்பு எரியும். இருட்டு அப்படி. "இந்தப் பல்புக்குத்தான் ஆத்தா குறி போட்டேன். பகல் பூரா எரியற அறைக்கெல்லாம் போட்டேன். ஓட்டுல கண்ணாடி ஓடு வச்சுட்டா வெளிச்சம் சும்மா வரும்."

ஆத்தா அவரைப் பார்க்காமல் கேட்டாள். "பல்பக் கழட்டிட்டு அப்பறம் எங்களயா?"

"உங்கள ஒண்ணும் செய்ய மாட்டோம் ஆத்தா."

"மலையில கங்காணியும் அப்படித்தான் சொல்லுவாரு, ஆள ஏத்திவிட ஜீப்பு வர்ற வரைக்கும்."

அன்றும் ஆத்தா குடிக்கவில்லை.

ஜீப் மறுநாள் மதியம் வந்தது. சத்தம் கேட்டதும் மடமே அடங்கிவிட்டது. இருமல்கூட இல்லை. கண்ணாடி ஓடுகளை வைக்கோலோடு இறக்கினார்கள். டிரைவர் முற்றத்திலிருந்து கத்தினார்: "லோடு ரெடியா? வெரசா ஏத்துங்கப்பா, பொழுது போகுது."

ஆத்தா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் விளங்கியிருந்தும் நான் பிடியை விடவில்லை. இரும்பு உரசுகிற சத்தம், யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம், பிறகு வண்டி திரும்பி முந்தல் சாலையில் போகிற சத்தம்.

தலைக்கு மேல் ஓட்டை நகர்த்தினார்கள். தூசி கொட்டியது. பிறகு கட்டிலின் மேல், ஆத்தாவின் முழங்காலில், ஒரு முறம் அளவுக்கு வெயில் விழுந்தது. அவள் கையை அதில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சு ஆத்தா."

"யாரு யாரு போனா?"

"பாய்லரு போச்சு. மிஷினு போச்சு. மனுசர் யாரும் போகல."

"கங்காணி?"

"அந்தா இருமுறாரு பாரு."

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். நான் முந்தானையை நனைத்துக் கதவில் இருந்த குறியைத் துடைத்தேன். பாதிதான் போனது, மரத்தின் கீறலுக்குள் வெள்ளை நின்றுவிட்டது. ஆத்தா அதைக் கவனிக்கவில்லை.

"கஞ்சி கொண்டா," என்றாள்.

கொண்டு வந்தேன். கும்பாவை அவளால் பிடிக்க முடியவில்லை, நானே வாயில் வைத்தேன். மூன்று மடக்கு இறங்கியதும் நிறுத்தினாள். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னாள்.

"கங்காணிக்கும் ஊத்து. எனக்கு ஊத்துறதவிடக் கூட ஊத்து. அடுத்த தடவ ஜீப்பு வந்தா அவன் எடை கூடியிருக்கட்டும்."