பின்சீட்டில் ஆள் ஏறினால் வரும் சத்தம்

மலைமேல் ஒண்டிக்கடை பக்கம் பைக் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. செயின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதை இறக்கி வைத்தது வாழவந்தி கிராமத்து மாதேஸின் வண்டி.

மாதேஸ் விவசாயி. மனைவி சாந்திக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. காலையில் அவரை எஸ்டேட்டில் இறக்கிவிட்டுத்தான் மாதேஸ் என்னிடம் வருவார்.

"அண்ணா, மேடு ஏறுறப்ப பின்னாடி கொர்ருன்னு அரைக்குதுங்க."

வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். செயின் தொளதொளவென்று இருந்தது. டைட் வைத்து, ஏரி வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பத்து நாளில் மறுபடி வந்தார். இன்னும் கொஞ்சம் டைட் வைத்தேன். மூன்றாவது தடவை வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க மாதேஸ், நான் ஓட்டுனா வராத சத்தம் உங்களுக்கு மட்டும் எப்படிங்க வருது?"

"சாந்தி பின்னாடி உக்காந்தா நொம்ப வருதுங்கண்ணா."

"அப்ப வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. உங்க ஊட்டுக்காரம்மாவ எடையக் குறைக்கச் சொல்லுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாதேஸும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, வழியில் நின்றுபோன ஒரு பைக்கைப் பார்க்க வாழவந்தி ரோட்டில் போனேன். எதிரே சாப்பாட்டுப் பையோடு சாந்தி நடந்து வந்தார்.

"என்னங்க, நடந்து வர்றீங்க?"

"நான் ஏறுனா வண்டி கெட்டுப்போகுதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. அவரு தெனமும் கெஞ்சுறாரு, நான்தான் ஏர்றதில்லீங்க. எஸ்டேட்டு போய்ச் சேர்றதுக்குள்ள காலு ஓஞ்சுபோகுது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வண்டியைத் திருப்பி, "ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"வேண்டாங்கண்ணா. இதுவும் கெட்டுப்போயிரப் போகுது."

அன்று சாயங்காலம் இருவரையும் ஒன்றாக அந்த வண்டியிலேயே கடைக்கு வரச் சொன்னேன். அவர்கள் மேடு ஏறி வரும்போதே சத்தம் கேட்டது. இறங்க வேண்டாம் என்று சொல்லி, குனிந்து செயினைத் தொட்டேன். கம்பி மாதிரி விறைத்திருந்தது. ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் கீழே தொங்கும், செயின் தளர்ந்து தெரியும். ஆள் உட்கார்ந்தால் சக்கரம் மேலே போய், அதே செயின் இழுத்துக்கொள்ளும். முதலில் சத்தம் போட்டது, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் தேய்ந்த பல். அதைப் பார்க்காமல் டைட் வைத்து டைட் வைத்து, செயினை அறுகிற நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். கொண்டை ஊசி வளைவில் அறுந்திருந்தால் இருவர் கதியும் என்ன ஆகியிருக்கும்?

புது செயின், ஸ்ப்ராக்கெட் போட்டு, இருவரையும் உட்கார வைத்தே லூஸ் அளந்தேன். மேட்டில் ஏறி இறங்கி வந்தார்கள். சத்தமே இல்லை.

"தப்பு உங்க எடையில இல்லீங்க, என் வேலையில" என்றேன்.

"அன்னைக்குச் சிரிச்சவங்க காதுலயும் விழற மாதிரி சொல்லுங்கண்ணா" என்றார் சாந்தி.

பக்கத்து டீக்கடை வரை கேட்கும்படி சொன்னேன்.

இப்போது செயின் சத்தம் என்று யார் வந்தாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு கேட்கிறேன்: "பின்னாடி யாருங்க உக்காருவாங்க? அவங்களையும் கூட்டிட்டு வாங்க."