நாலு சக்கரமும் இழுக்கிற மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர் வண்டியின் பின்னால் கோழி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டை இல்லாமல் கிளம்பியிருந்தால் அவர் வந்தே சேர்ந்திருக்க மாட்டார்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் வரிசை வீடுகளாக எங்கள் லயம் இருந்தது. தொழிற்சாலை, கோயில், தார் ரோடு எல்லாம் கீழே. கீழிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுவது செம்மண் பாதை. வெயில் காலத்தில் அதைப் பாதை என்று சொல்லலாம். மழை காலத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. துரையின் ஜீப்பும் தோட்டத்து டிராக்டரும் எப்படியோ ஏறிவிடும். மற்ற வண்டிகள் எல்லாம் பாதி வழியில் நின்று ஹாரன் அடிக்கும். லயத்து ஆம்பளைகள் இறங்கிப் போய்த் தள்ளுவார்கள். எழுபதுகளின் பின்பாதியிலும் எங்களுக்கு இதுதான் நிலைமை.

அவரை நாங்கள் எல்லோரும் பிக்கப்காரர் என்றுதான் சொல்வோம். கோலா தெர்லா தோட்டங்களிலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றி கியா பார்ம் பக்கம் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். சனிக்கிழமை மட்டும் மீனும் மளிகையும் கொண்டுவந்து எங்கள் லயத்தில் விற்பார். அந்த வண்டிக்குப் பின்சக்கரம் இரண்டில்தான் இழுப்பு. சமவெளியில் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி. பின்னால் பாரம் இல்லாவிட்டால் எங்கள் பாதையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகத்தான் எரு மூட்டை.

நான் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை மீன் வாங்க மட்டும் எங்கள் வீட்டில் யாரையும் விடமாட்டேன், நானே போவேன். மத்தி நல்லதா, வெங்காயம் அழுகலா என்று அவரோடு வம்புக்கு நிற்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது, இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கட்டினால் இவரைத்தான் என்று நான் முடிவு செய்து வெகு நாளாகியிருந்தது. பெண் கேட்க வந்தது அதற்குப் பிறகு.

அப்பா கங்காணி. ஒரு டிவிஷன் முழுக்க அவர் குரலுக்கு நடந்தது. ஆனால் அவர் மனதில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. அக்கா கல்யாணத்தன்று பெண் அழைத்துப் போக வந்த லோரி மூன்றாவது வளைவில் சிக்கிக்கொண்டது. அக்கா பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் அவளைச் 'சேத்துப் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு அது வேடிக்கையாக இல்லை.

அதனால் பிக்கப்காரர் பெண் கேட்டதும் அப்பா வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இங்க பாருங்க தம்பி. உங்கள நான் குறை சொல்லல. உங்க வண்டியத்தான் சொல்றேன். மழை மாசத்துல, டயருக்கு சங்கிலி கட்டாம, மூட்டை ஏத்தாம, ஒரு ஆளு கை வைக்காம, என் வாசலுக்கு வண்டி வரட்டும். அன்னைக்குப் பேசிக்கலாம்."

"வந்துரும் ஐயா," என்றார் பிக்கப்காரர். அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று திரும்பிப் போகும்போதே அவர் வண்டியை நாலு பேர் தள்ளவேண்டியிருந்தது.

அப்பா பேச்சோடு நிறுத்தவில்லை. தீபாவளி கழிந்ததும் கீழ் நாட்டுத் தோட்டத்திலிருந்து ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு கிராணி மாப்பிள்ளை என்னைப் பார்க்க வருவதாகவும் ஏற்பாடு செய்துவிட்டார். ஆக, தீபாவளிக்குள் வண்டி ஏறினால் பிக்கப்காரர், ஏறாவிட்டால் கிராணி. என் தலையெழுத்து ஒரு வண்டியின் டயரில் போய் உட்கார்ந்துகொண்டது.

கம்போங் ராஜாவில் ஒரு சீன முதலாளி வண்டிப் பட்டறை வைத்திருந்தார், தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பிக்கப்காரர் அவரிடம் போய், இந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் இழுப்பு வரவேண்டும் என்றார். தவுக்கே வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "போலே லா" என்றார். முடியும் என்று அர்த்தம். அவர் எதற்கும் முடியாது என்று சொன்னதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. பழைய ஜீப் ஒன்றை அறுத்து, முன்சக்கரத்து அச்சையும் இழுப்பைப் பிரித்துவிடும் இரண்டாவது கியர் பெட்டியையும் கழற்றிப் பிக்கப்பின் வயிற்றுக்குள் பொருத்துவது அவர் திட்டம். சாமான் வாங்கும் சாக்கில் அம்மாவை இழுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போவேன். ஒரு தடவை வண்டிக்கு முன்சக்கரமே இல்லை. இன்னொரு தடவை தவுக்கேயின் கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"உன் கல்யாணம் இங்க ஸ்குரு ஸ்குருவா கெடக்குது," என்றாள் அம்மா.

ஒருவழியாக வேலை முடிந்தது. வண்டி முன்னைவிட உயரமாக, அலமாரிமேல் ஏறி நிற்கிற பிள்ளையைப் போல் இருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி முளைத்திருந்தது. அதைத் தள்ளினால் முன்சக்கரத்துக்கும் இழுப்பு போகும். தவுக்கே உடனே சேற்றில் விட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். பிக்கப்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. புது வண்டி என்றால் முதலில் பூசை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், அதை நசுக்கிக்கொண்டு முதல் உருளல். பாதி வண்டி புதுசாகிவிட்டதால் அந்தப் பாதிக்கும் பூசை போடாமல் தொடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். யார் கையும் பட்டுவிடாமல் இருக்கக் குட்டிக் கம்பிக்கு மஞ்சள் கயிறு வேறு கட்டினார். பழையபடி பின்சக்கர இழுப்பிலேயே எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஏறவேண்டிய மஞ்சள் கயிறு ஒரு கம்பிக்கு முந்திக்கொண்டதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டமே கோயில் வாசலில் நின்றது. முதல் நாள் மழையில் தரை ஊறியிருந்தது. பூசாரி கற்பூரம் காட்டி நாலு டயருக்கும் பழம் வைத்தார். அப்பா புது வேட்டி கட்டி, வண்டிக்கு நேர் எதிரே தேங்காய்த் தட்டோடு நின்றார். பிக்கப்காரர் மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, குட்டிக் கம்பியைத் தள்ளி, சாமியைக் கும்பிட்டுக் கிளம்பினார்.

வண்டி கிளம்பவில்லை. பின்சக்கரம் முன்னால் போக உருண்டது, முன்சக்கரம் பின்னால் போக உருண்டது. இரண்டும் மல்லுக்கட்டி, வண்டி நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடியது. பின் டயருக்கு வைத்த பழங்கள் ஒழுங்காக நசுங்கின. முன் டயருக்கு வைத்த இரண்டும் சேற்றோடு சேர்ந்து முன்னால் பறந்தன. ஒன்று பூசாரியின் தொப்பையில் பட்டது. இன்னொன்று அப்பாவின் முழங்காலில். சேறு அப்பாவின் வேட்டி, சட்டை, மீசை என்று பாரபட்சம் பார்க்காமல் அப்பியது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வண்டிக்கே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. இத நம்பி நான் பொண்ணக் குடுக்கணுமாம்," என்றார். தட்டைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்தார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஜீப் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கும் குண்டு வலது பக்கம் இருந்திருக்கிறது. கியர் பெட்டியிலிருந்து இழுப்பு வருவதோ இடது பக்கம். தவுக்கே யோசித்து, அச்சையே தலைகீழாகப் புரட்டிப் போட்டுப் பக்கத்தைச் சரி செய்துவிட்டார். பக்கம் சரியானது, சுற்று மாறிவிட்டது. அவர் சொன்னபடி அன்றே ஓட்டிப் பார்த்திருந்தால் பட்டறைக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

"நான் சொன்னேன், ஓட்டிப் பாரு. நீ சொன்னே, சாமி, சாமி," என்று தவுக்கே கத்தினாராம். "சாமி நல்ல சாமி லா. ஆனா சாமி மெக்கானிக் இல்ல!"

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேறு மாதிரி ஜீப் ஒன்று கோழிகளுக்கு வீடாகிக் கிடந்தது. அதில் குண்டு இடது பக்கம். கோழிகளை விரட்டி, அந்த அச்சைக் கழற்றி, நேராகப் பொருத்தினார்கள். இந்தத் தடவை பூசைக்குக் காத்திருக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த சேற்றில் விட்டுப் பார்த்தார்கள், நாலு சக்கரமும் ஒரே பக்கம் போயின. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள், வண்டி வருகிறது என்று கீழிருந்து சேதி வந்தது. விடாத மழை. பலகாரம் சுட்ட கையோடு லயமே வெளியே வந்து, கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வளைவு வளைவாக நின்றது. அப்பா குடையோடு எங்கள் வீட்டுக்குக் கீழே கடைசி வளைவில் நின்றார்.

"ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்," என்றார். இத்தனை வருசம் தள்ளிப் பழகியவர்கள், கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதல் வளைவு ஏறியது. அக்காவின் லோரி சிக்கிய மூன்றாவது வளைவை, நின்று யோசிக்காமல், உறுமிக்கொண்டு ஏறியது. கடைசி வளைவில் மேட்டிலிருந்து வந்த தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. அங்கே நாலு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதையோரக் கான் பள்ளத்துப் பக்கம் சரிய ஆரம்பித்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். போச்சு, கிராணிதான் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா குடையை மடக்கிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்குப் பின்னால் போய், தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். ஒரு ஆளுடைய தள்ளு, அவ்வளவுதான் அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது. பின் டயர் வாரி இறைத்த சேறு முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அப்பா அங்கேயே முழங்கால் போட்டு விழுந்தார். வண்டி துள்ளி ஏறி எங்கள் வாசலில் வந்து நின்றது.

பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்ததால் பிக்கப்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. குதித்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா, தானா ஏறிடுச்சு லா! ஒரு ஆளு கை வைக்கல!"

லயத்தில் முப்பது வாயாவது இருக்கும். எல்லாம் ஊர்ப்பட்ட வாய். ஒன்றுகூடத் திறக்கவில்லை. அப்பா தலையிலிருந்து கால்வரை சேறாக, மெதுவாக ஏறி வந்தார்.

"ஐயோ, என்னங்கய்யா ஆச்சு?" என்று பிக்கப்காரர் பதறினார்.

"வழுக்கிருச்சு தம்பி," என்றார் அப்பா. அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்து, இருட்டில்கூடக் கால் இடறாத மனிதர். "உள்ள வாங்க, பலகாரம் சாப்பிடுங்க. தை பொறந்ததும் நாள் பாத்துரலாம்."

நான் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்பாவிடம் பயம் உண்டு, கோபம் உண்டு. என்மேல் அவருக்கு இவ்வளவு பிரியம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்த வண்டியிலேயே இறங்கிப் போனேன், சேலையில் ஒரு சொட்டுச் சேறு படவில்லை. அதன் பிறகு இவர் அந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது. சங்கிலி இல்லை, மூட்டை இல்லை, ஒரு கை படவில்லை என்று விரல் விட்டு எண்ணுவார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஆமாம், ஆமாம் என்பார்கள். இதை எழுதினால் தெரிந்துவிடாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இவர் ஜோசியப் பக்கம் தவிர எதையும் படிப்பதில்லை.

அப்பா இருந்தவரை, இவர் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டு பொறுமையாகக் கேட்பார். கதை முடிந்ததும், "நல்ல வண்டி தம்பி," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.