கொட்டாம்பட்டி எஞ்சினை வேண்டாம் என்றேன்

முப்பத்தெட்டு வருஷமாக எஞ்சின் இறக்கி ஏற்றுகிறேன். முதுகு போய்விட்டது, வலது காதும் பாதி போய்விட்டது. ஒத்தக்கடையில் என் ஒர்க்‌ஷாப்பில் இப்போது பழைய கார்களைப் புதுப்பிக்கிற வேலை மட்டும்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஜெயித்த கதைகளைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. தோற்றது ஒன்றைச் சொல்கிறேன்.

1. ரெண்டு எஞ்சின்

ஜெகந்நாதன் சாருக்கு மதுரையில் பட்டுச்சேலை வியாபாரம். சௌராஷ்டிரக் குடும்பம். யார் மனதும் நோகாமல் பேசுவார். அவருடைய பழைய அம்பாசிடரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாடியில் துரு கொஞ்சம்தான். ஆனால் எஞ்சின் பிளாக்கில் விரிசல். வேறு எஞ்சின்தான் போட வேண்டும்.

தேடியதில் ரெண்டு கிடைத்தன. ஒன்று, அதே காலத்து ஆயிரத்தைந்நூறு சிசி பெட்ரோல் எஞ்சின். இன்னொன்று, கொட்டாம்பட்டியில் பின்பக்கம் இடிபட்டு நின்ற பிற்காலத்து அம்பாசிடரின் ஆயிரத்தெண்ணூறு. இழுவை அதிகம், லேசில் சூடாகாது, ஏசி போட்டாலும் தாங்கும். ஆனால் அதற்குக் கியர்பாக்ஸ் வேறு. ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கை கியரைக் கழற்றிவிட்டு, தரைத் தகட்டை வெட்டி, கீழே கியர் வைக்க வேண்டும்.

வெல்டர் காசி, "அண்ணே, பேசாம ஆயிரத்தெண்ணூறப் போட்டு விட்ருவோம்ணே. ஆர்.டி.ஓ. ஆபீசுல எப்படியும் எஞ்சின் நம்பர மாத்தி எழுதத்தான போறோம்" என்றான்.

"ஒரிஜினல் தகட்ட வெட்டுனா அது அம்பாசிடராடா?" என்று கத்தினேன். அந்த வண்டியைப் பழைய கார் கண்காட்சியில் நிறுத்தி நாலு பேரிடம் பேர் வாங்குகிற ஆசை எனக்கு. வண்டி என்னுடையது இல்லை என்பது மறந்து போயிற்று.

சாரிடம் கேட்டேன். "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் போடுங்க பாண்டி. ஏசி மட்டும் வைக்க முடியுமா?" என்றார்.

"ஒரிஜினல் எஞ்சின் ஏசிய இழுக்காது சார். கண்ணாடிய எறக்கி விட்டா காத்து பிச்சுக்கிட்டு வரும்."

சார் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

2. டெஸ்ட்

நான் டெஸ்ட் ஓட்டுவது விடியற்காலையில். மேலூர் ரோட்டில் அப்போது டிராபிக் இருக்காது, எஞ்சின் சத்தம் சுத்தமாகக் கேட்கும். தனியாகத்தான் போவேன். அன்றைக்கும் அப்படியே போனேன். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. டெலிவரி கொடுத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

3. திருமங்கலம் ரோடு

மே மாதம். பகல் ஒரு மணிக்கு சார் போன் செய்தார். "வண்டி நின்னு போச்சு பாண்டி. திருமங்கலத்துக்கு இங்கிட்டு."

நானும் காசியும் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எஞ்சின் கொதித்துக் கிடந்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துவிட்டது. பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பின்சீட்டில் ஒரு அம்மா இருப்பதைப் பார்த்தேன். சாரின் மனைவி, சரோஜா அம்மா. முகம் சிவந்து, சேலை நனைந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாக்கர்.

"மொதல்ல அம்மாவ வேற வண்டியில அனுப்பிருக்கலாமே சார்?"

"இடுப்பு ஆபரேஷன் பண்ணிருக்கு பாண்டி. டாக்ஸி கூப்பிட்டேன், ஒசரமான வண்டி வந்துச்சு, ஏற முடியல. சின்னக் கார்னா உக்காந்தா எந்திரிக்க முடியாது. இந்த சீட்டு ஒண்ணுதான் அவளுக்குத் தோதான ஒசரம். ரெண்டு வருசமா வீட்ட விட்டு வெளிய வரல. தங்கச்சியப் பாக்கணும்னு கெளம்புனா. இதுக்காகத்தான் இந்தப் பழைய வண்டியவே சரிபண்ணக் கொண்டாந்தேன்."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாமே சார்."

"நீங்க கேக்கலையே" என்றார். அதிலும் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவர்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. பிறகு அந்த அம்மா என்னிடம் தமிழில் சொன்னார், "தம்பி, வண்டி கெளம்புனா வீட்டுல கொண்டு போய் விட்ருங்க. திருமங்கலம் வேணாம்."

4. வெட்டு

மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். கொட்டாம்பட்டி எஞ்சின் நல்லவேளை விற்காமல் இருந்தது. காசி கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வெட்டுடா" என்றேன். ஒரு மணி நேரத்தில் வெட்டி முடித்துவிட்டான். அந்த ஒரு மணி நேர வேலைக்குத்தான் நான் அவ்வளவு குதித்தேன்.

எஞ்சினும் ஏசியும் பொருத்தியாயிற்று. இந்த முறை டெஸ்ட் உச்சி வெயிலில். நாலு பேர், ஏசி ஓடிக்கொண்டிருக்க, திருமங்கலம் போய்த் திரும்பினோம். டெம்பரேச்சர் முள் அசையவில்லை. அப்படியே சார் வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தினேன்.

சரோஜா அம்மா வாக்கரைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு வந்தார். சார் பின்கதவைத் திறந்து பிடித்தார். அம்மா சீட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே குளிர்ந்திருந்தது.

"நல்லாத்தான் பண்ணிருக்கீங்க தம்பி" என்றார். "இவரக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நான் வரல. எனக்குப் பயமா இருக்கு."

திரும்பி உள்ளே போய்விட்டார். சார் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். நாலைந்து மாதம் ஆகிறது, அம்மா இன்னும் ஏறவில்லை. தங்கச்சிதான் மதுரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம்.

தம்பிகளா, எந்த எஞ்சின் என்று யோசிக்கும் முன்னால், வண்டியில் உட்காரப் போகிறவரை ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். அந்த வண்டி எட்டு மாதம் என் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. சரோஜா அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ரோட்டோரத்தில்தான்.